அண்ணியின் படகு ஊறிய நாள்

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியில் இருப்பது உலக வழக்கம் இல்லை. எங்கள் இருவரையும் ஒன்று சேர்த்தது ஒரு ஓட்டைப் படகு. அதனால் அந்தப் படகைப் பற்றி யாராவது கேவலமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணி டைல்ஸ் ஒட்டுகிறவர். முழங்காலில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாகக் குளியலறைத் தரைகளில் தவழ்ந்துகொண்டிருக்கிறார். அவர் பூசிய இணைப்பு வழியாக ஒரு சொட்டுகூட இறங்கியதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே குளியலறைக்குள் எட்டிப் பார்ப்பார். "இது எந்தப் புண்ணியவான் வேலை?" என்பார். அந்தக் கேள்வியிலேயே அந்தப் புண்ணியவானின் மானம் போய்விடும்.

இப்படிப்பட்டவர் ஒரு படகுத்துறைக் கொட்டகையில் கழிவறைக்கு டைல்ஸ் ஒட்டப் போனார். அங்கே மூலையில், பதினாறு அடி நீளத்தில் ஒரு மரப் பாய்மரப் படகு தூசி படிந்து நின்றது. வைத்திருந்தவர் கைகழுவிவிட்டுப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அதன் நிழலில் உட்கார்ந்த அண்ணி, மாலையில் அதன் சொந்தக்காரியாக வீடு திரும்பினார்.

என் அண்ணன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். முட்டளவு தண்ணீரைக் கண்டாலே அவனுக்கு மூச்சு வாங்கும்.

"ஆழம் தெரியாம கால விடாத," என்றான்.

"கால விட்டாத்தானே ஆழமே தெரியும்?" என்றார் அண்ணி. விவாதம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் எனக்குப் போன். நான் திரைச்சீலை, சோபா உறை தைப்பவள். "பாய் ஒண்ணு கிழிஞ்சு கிடக்கு, தச்சுத் தர்றியா?" என்றார். "பாயை யாராவது தைப்பாங்களா அண்ணி? புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுப் படுங்க," என்றேன். ஒரு மணி நேரத்தில் வண்டியில் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார். சோபா மறைந்தது, மேஜை மறைந்தது, பூனை மறைந்தது. அப்போதுதான் எந்தப் பாய் என்று எனக்குப் புரிந்தது.

கிரேன்காரர்தான் கொட்டகைக்கு ராஜா. குளிர் விட்டதும் படகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரில் இறக்குகிறவர் அவர்தான். முதல் வசந்தத்தில் எங்கள் படகின் அடிப்பலகையை அவர் விரலால் குத்தினார், விரல் உள்ளே போனது. இரண்டாவது வசந்தத்தில் பாதி ஆணிகள் இற்றுப்போயிருந்தன. மூன்றாவது வசந்தத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவ மிதக்கலன்னா எடத்தக் காலி பண்ணிடுங்கம்மா. வெளிய நாலு பேர் காத்திருக்காங்க. இத ஒடச்சு வெறகாக்கிடுவோம்."

விறகு! அந்தச் சொல் அண்ணியின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது மாதிரி இறங்கியது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கொட்டகை, ஞாயிறு என்றால் கொட்டகை. பழைய நீலப் பெயிண்டைச் சுரண்டினோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். தும்மினால் நீலமாக வந்தது. இற்ற பலகை மூன்றை மாற்றினோம். கடைசியில் பலகைகளுக்கு இடையிலான இடுக்குகள் மட்டும் பாக்கி. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த மரம் சுருங்கி, சில இடத்தில் காசு நுழையும் அளவுக்கு இடைவெளி.

"இது நம்ம ஏரியா," என்றார் அண்ணி, கையைத் தேய்த்துக்கொண்டு. நீச்சல் குளத்துக்குப் பூசும் எபாக்ஸிப் பசையைக் குழைத்து ஒரே நாளில் அத்தனை இடுக்கையும் அடைத்தார். காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிட்டது. விரல் ஓட்டிப் பார்த்தால் ஒரே வழவழப்பு. நான் விசில் அடித்தேன். அண்ணி தலை குனிந்து வணங்கினார்.

படகு இறக்க ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வீட்டில் வேலைக்கு நடுவில் இருந்து போன் செய்தார். குரலே சரியில்லை.

"நாத்தனாரே, நான் படகக் கொன்னுட்டேன்."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"இங்க பாத்ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. ஏன்னு பாத்தா தண்ணி பட்டு உப்பியிருக்கு. மரம் உப்பும்டீ! டைல்ஸ் உப்பாது, மரம் உப்பும்! தண்ணில எறக்கினா அத்தன பலகையும் உப்பும். நான்தான் நடுவுல கல்ல வச்சு அடச்சுட்டேனே, அது எங்க போகும்?"

கிரேன்காரரிடம் ஓடினோம். அவர் படகைச் சுற்றி வந்து, நகத்தால் எபாக்ஸியைத் தட்டிப் பார்த்தார்.

"எதாச்சும் ஒண்ணு ஒடையும். வெளிப் பலகை பிதுங்கும், இல்ல உள்ள வெலா எலும்பு மாதிரி இருக்கிற சட்டம் முறியும். இடுக்குல பஞ்சுத் திரி வச்சு, மேல மெத்துன்னு மக்குப் பசை பூசணும்மா. அப்பத்தான் மரம் ஊறி, தானா நெருக்கி அடைக்கும். மொதல்ல கொஞ்சம் தண்ணி உள்ள வரும். வரணும்."

"வரணுமா?" என்றார் அண்ணி. அடுப்பில் கை வைக்கச் சொன்னது போல அவரைப் பார்த்தார்.

ஒன்பது நாள். நினைத்தாலே இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அண்ணி லீவு போட்டார், நானும் தையல் கடையைப் பூட்டினேன். சுடுகாற்று ஊதும் ஹீட் கன் வைத்து எபாக்ஸிக்குச் சூடு காட்ட வேண்டும், இளகும் நொடியில் கொக்கியால் இழுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் மரம் கருகும், முந்தினால் கொக்கி வழுக்கும். மூன்றாம் நாள் அண்ணன் வீட்டு வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "நான் தண்ணில எல்லாம் எறங்கல. சும்மா தூசி உறிஞ்சத்தான் வந்தேன்," என்றான். உறிஞ்சினான், பாவம், பொறுப்பாக.

ஐந்தாம் நாள் மாலை கடைசி இடுக்கும் சுத்தமானது. அதற்குப் பிறகு இரண்டு நாள் பஞ்சுத் திரி. உளியில் வைத்து டொக் டொக்கென்று அடித்து இறக்கினோம். மக்கு பூசி, பெயிண்ட் ஒரு கை ஓட்டி, மரம் முன்கூட்டியே கொஞ்சம் ஊறட்டும் என்று உள்ளே ஈரச் சாக்குகளைப் பரப்பித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். போட்டி போட்டுத் திட்டிக்கொண்டோம். அதைவிடச் சந்தோஷமான ஒன்பது நாள் என் வாழ்க்கையில் இல்லை.

படகை இறக்கும் நாள் காலை ஒன்பது மணிக்கு கிரேன் பெல்ட்டுகள் வயிற்றைச் சுற்ற, படகு ஆகாயத்தில் எழும்பியது. மெல்ல இறங்கித் தண்ணீரைத் தொட்டது. அண்ணி உள்ளே குதித்தார்.

"அடுத்த படகு ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் பெல்ட்டக் கழட்ட மாட்டேன். தண்ணி கட்டுக்குள்ள வந்தா கழட்டறேன். இல்லன்னா தூக்கிக் கரையில வச்சிடுவேன். அப்புறம் என்ன ஆகும்னு தெரியுமில்ல," என்றார் கிரேன்காரர்.

தண்ணீர் வந்தது. ஒரு இடமா, இரண்டு இடமா? ஒவ்வொரு இடுக்கிலும் வந்தது. அண்ணி வாளியால் மொண்டு மொண்டு வெளியே வீசினார். முன்பக்கம் ஒரு இடுக்கு பீய்ச்சி அடித்தது. அண்ணியின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் ஒரு சின்ன எபாக்ஸி டியூபை எடுத்தது. அண்ணி மூடியைப் பாதி திருகிவிட்டார். பிறகு அந்த இடுக்கையே வெறித்துப் பார்த்தார். ஒழுகும் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும்.

"இந்தா, பிடி!" என்று டியூபை என்மேல் வீசினார். "நான் கேட்டாலும் குடுக்காத!"

பதினொரு மணிக்கு நிலைமை அப்படியே. அண்ணி நிமிர்ந்து முதுகைப் பிடித்தார். அண்ணன் துறையின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று அவன்தான் சொன்னான்.

"ஒரு நிமிஷம்... ஒண்ணேகால்... ஏய், இப்ப ரெண்டு!"

யாரும் நம்பவில்லை.

"நாலு! இப்ப நாலு நிமிஷம்!" என்று கத்தினான். கத்திக்கொண்டே பத்தடியில் எட்டடி முன்னால் வந்துவிட்டான், அது அவனுக்கே தெரியவில்லை. பீய்ச்சி அடித்த இடுக்கு வழிந்தது, பிறகு வியர்த்தது. ஒன்றரை மணிக்கு வாளி காலியாகவே உட்கார்ந்திருந்தது. அண்ணி குப்புறக் குனிந்து பலகைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். "நெருக்கிக்கிச்சு. தானா நெருக்கிக்கிச்சுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஓவென்று அழுதேன். வெட்கமே படவில்லை.

கிரேன்காரர் குனிந்து பார்த்தார், பெல்ட்டுகளைக் கழற்றினார். நானும் அண்ணனும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். சின்ன வயதில்கூட அவனை நான் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

"அது சரி, படகக் கட்டுற கயிறு யார் கையில இருக்கு?" என்றார் கிரேன்காரர்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். மிதக்குமா, மிதக்குமா என்று மூன்று வசந்தம் தவித்தோமே தவிர, மிதந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவே இல்லை. பாய் என் காரில் மடித்தபடி இருந்தது. துடுப்பு கொட்டகையில். அண்ணி மட்டும் கரையிலிருந்து இருபதடி தள்ளி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணி! எங்க போறீங்க?"

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

"தெரியலடீ!" என்று பதில் வந்தது. "ஆனா மிதக்குது!"