முதுகு காட்டி உட்கார்ந்தவள்

வெர்னா ஹ்ருஸ்கா சர்க்கஸ் கொட்டகையில் பிறந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். அது சும்மா. பிறந்தது ஆஸ்பத்திரியில், வளர்ந்ததுதான் கொட்டகையில். அமெரிக்காவில், விஸ்கான்சினில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில்தான் பனிக்காலம் முழுக்க சர்க்கஸ் தங்கும். அவளுடைய அப்பா அங்கே கரடிகளுக்குத் தீனி வைத்தார். அவளோ சீஸ் தொழிற்சாலையில் காலத்தை ஓட்டி, புருஷனைப் புதைத்த பிறகு ஊர் மியூசியத்தில் சம்பளமில்லாத வழிகாட்டியானாள். ஒரே ஒரு ஓவியத்தின் முன்னால் நின்று பேசுவதற்காகத்தான் தினமும் எழுந்து குளித்தாள். வேறு பிடிப்பு அவளுக்கு இல்லை.

ஓவியத்தில், பாவாடை கட்டிய கரடியொன்று பீப்பாய் மேல் நிற்கும். கூட்டம் வாயைப் பிளந்து சிரிக்கும். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் கரடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பெண் தன் குழந்தையைக் கவனிக்கிறாள் என்று கார்டில் அச்சடித்துக் கொடுத்து, எல்லா வழிகாட்டிகளும் அதையே சொல்ல வேண்டும் என்பது டேல் லிண்ட்குவிஸ்டின் உத்தரவு. அவன் சர்க்கஸ் முதலாளியின் பேரன். மியூசியத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்த தெம்பு வேறு.

ஒரு சனிக்கிழமை அவன் பின்னால் வந்து நிற்பது தெரிந்தும் வெர்னா தன் பாட்டைத்தான் பாடினாள். சர்க்கஸ்காரர்கள் ஆட்டம் நடக்கும் வளையத்துக்கு முதுகு காட்டவே மாட்டார்கள், சாவு வந்துவிடும் என்று பயம். சின்ன வயதில் தெரியாமல் அப்படி உட்கார்ந்ததற்கு அப்பாவிடம் அறை வாங்கியவள் வெர்னா. படத்துப் பெண்ணின் கோட்டுக்குக் கீழே ஜிகினாச் செருப்பு தெரிந்தது. அவளும் சர்க்கஸ்காரிதான்.

"தெரிஞ்சேதான் உக்காந்திருக்கா. செத்தாலும் பரவால்ல, இந்தக் கூத்தப் பாக்கமாட்டேங்கறா" என்று முடித்தாள் வெர்னா.

"வெர்னாம்மா, கார்டுல இருக்கறத மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா பேட்ஜைக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றான் டேல்.

வெர்னா பேட்ஜைக் கழற்றினாள். அழப்போகிறாள் என்று வந்திருந்தவர்கள் நினைத்தார்கள். அவளுக்கு வந்தது அழுகையல்ல, ஆத்திரம். விறுவிறுவென்று வாசலுக்குப் போய், வெளியூர்க்காரி மாதிரி டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். டேல் அதற்குள் தாய்ப்பாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான்.

"காசு குடுத்துப் பாக்க வந்திருக்கேன், டேல். இப்ப நீதான் எனக்கு வழிகாட்டி. கண்ணு வேற கொஞ்சம் மங்கல். அந்தக் கொழந்தை எங்க இருக்குன்னு காட்டு, பாப்போம்."

டேல் படத்தை நோக்கிக் கையை நீட்டினான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். படத்தில் குழந்தையே இல்லை.