வடக்குச் சுவரில் வெயில்

தெருவில் அவனுக்குக் ‘கட்டாத வீட்டுக்காரன்’ என்று பெயர். அஸ்திவாரம்கூடத் தோண்டாத மாளிகைகளைக் கணினியில் முப்பரிமாணத்தில் எழுப்பி, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி காட்டுவதுதான் அவன் தொழில். அவன் குடியிருந்ததோ மாடியில் ஒற்றை அறை. புரண்டு படுக்க வேண்டுமானால் நாற்காலியை மாடிப்படிக்கு அனுப்ப வேண்டும். ஒரு படம் வெளிச்சத்தோடு உருவாகி முடிய அரைப்பகல் ஆகும். அதுவரை கணினி விடும் பெருமூச்சைக் கேட்டு, ஹெலிகாப்டர் இறங்குகிறது என்று எதிர்வீட்டுக் கிழவர் கொடித் துணியை வாரிக்கொண்டு ஓடியிருக்கிறார். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

அவன் மனைவி கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டில், படுக்கையோடு கிடந்த மூதாட்டி ஒருத்தியைக் கூடவே தங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு மழைக்காலம் தேறும். குடும்பம் நடத்தியதெல்லாம் கைப்பேசியில்தான். “மத்தவன் பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டா தாய் வீட்டுக்குப் போவா. என் பெண்டாட்டி சார்ஜ் தீர்ந்து போவா” என்று சிரிப்பான். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் சம்பாத்தியம் கொஞ்சம் நிமிர்ந்தால் அவள் திரும்பிவிடலாம். அந்த ஒன்றுக்குத்தான் இருவரும் தவம் கிடந்தார்கள்.

நிமிரவிடாமல் தலையில் உட்கார்ந்திருந்தது ஊர். வரைவதென்னவோ ஒரே சோபா, ஒரே ஜன்னல்தான். குளிர் நாட்டுக்காரன் வரைந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது, இவனுக்கு ஒரு நாள் கூலி. நடுவில் உள்ள நாடுகளுக்கு நடுவாந்தரமாக ஒரு விலை. வேலை பிடித்துத் தரும் இணையதளத்தில் கைவண்ணத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிடுவார்கள்.

கீழ்வீட்டில் இருந்த அவன் அக்காதான் வழி சொன்னாள்.

“ஏன்டா, உன் பெண்டாட்டி அங்கதானே இருக்கா? அந்த விலாசத்தையே உன் விலாசம்னு போட்டுக்கோ. உன் மனசும் அங்கதானே கிடக்கு, உடம்பு மட்டும்தானே இங்க.”

“மாட்டிக்கிட்டா?”

“மாட்டாத மாதிரி சொல்லு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா, தம்பி.”

பொருத்தமாகத்தான் சொன்னான். அந்த நாட்டுக் கட்டடக் கலைஞர் அம்மா ஒருவர் வேலை கொடுத்தார், அந்த நாட்டுக் கூலிக்கே. முதல் இரண்டு படங்களும் விளக்கு வெளிச்சத்து உள்ளறைகள். அம்மாவுக்கு ஏகத் திருப்தி. மூன்றாவதும் நன்றாக அமைந்தால் ஒரு வருட ஒப்பந்தம் என்றார். இவன் ‘அமைந்தால்’ என்பதை விழுங்கிவிட்டு மீதியை மனைவியிடம் சொன்னான். அவள் அன்றைக்கே வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது, ஓர் ஓவியரின் வீடு. இந்தத் தொழிலில் சூரியனையும் வரைபவன்தான் வைக்க வேண்டும். எந்த ஊர், எந்த மாதம், எத்தனை மணி என்று போட்டால் மென்பொருள் சூரியனைச் சரியான இடத்தில் நிறுத்தும். ஜூன் மாதத்தைப் போட்டான், நடுப்பகல் என்று போட்டான். ஊர் இருந்த கட்டத்தை மட்டும் தொடவில்லை. வருடக்கணக்காக அதில் அவன் ஊர்தான் இருந்தது. உலகத்துக்கெல்லாம் விலாசத்தை மாற்றிச் சொன்னவன், தன் கணினிக்குச் சொல்ல மறந்துவிட்டான்.

மனைவி விமானம் ஏறிய அன்று அந்த அம்மா அழைத்தார்.

“வடக்குச் சுவர்ல மத்தியான வெயில் அடிக்குதே, எப்படி?”

“அந்த மாசம் சூரியன் வடக்கேதானே சாயும்?”

“இங்க வருஷம் பூரா தெற்கேதான் சாயும். நேர் வெயில் வரக்கூடாதுன்னுதான் ஓவியர் தன் அறையை வடக்குல கேட்டார். படத்தைப் பாத்துட்டு என்னையே வேலையை விட்டு அனுப்பிடப் பாத்தார். நீங்க எங்க இருக்கீங்க?”

வாயைத் திறந்தான், பொய் வரவில்லை. உண்மையைச் சொன்னான்.

“வேலை சுத்தமா இருக்கு. ஒப்பந்தம் தரேன். ஆனா உங்க ஊர் விலைக்கு.”

“பொய் சொன்னதுக்குத் தண்டனையா, மேடம்?”

“இல்ல. அதான் விலை.”

“உண்மையைச் சொல்லியிருந்தா?”

“அப்பவும் இதேதான்.”

“அதே படம்தானே மேடம் நான் போடறேன்? அதே கைதானே?”

அம்மா படத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டிய தேதியை மட்டும் அனுப்பிவைத்தார்.

மறுநாள் மனைவி வந்து இறங்கினாள். அக்கா வாசலில் நின்று, “வாடி, பனிக்கட்டி! உருகாம வந்து சேந்தியா?” என்றாள். அவள் சிரித்துக்கொண்டே மாடி ஏறினாள். பெட்டியை வைக்க இடமில்லாமல் கதவுக்கு வெளியே வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவன் ஒன்றையும் மறைக்கவில்லை.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வடக்குப் பக்கம் துணி போட்டா மூணு நாளானாலும் காயாது அங்க” என்றாள். கோபமாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கைப்பேசியை எடுத்து அந்த மூதாட்டியின் மகனிடம் பேசினாள். இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். வாரக் கடைசிக்குள் வந்தால் அதே வேலை, அதே அறை.

“போகாதேன்னு சொல்லேன்” என்றாள்.

சொல்ல நினைத்தான். சொல்லிவிட்டு என்னத்தைத் தின்பது?

பெட்டியை அவள் திறக்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷை மட்டும் பக்கவாட்டுப் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். படத்தை அன்றே திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. அவன் கணினி முன் உட்கார்ந்து, ஊர் என்ற கட்டத்தில் அவள் இருந்த ஊரைப் போட்டான். சூரியன் நகர்ந்து வீட்டுக்குப் பின்னால் போனது. ஓவிய அறையிலிருந்து வெயில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. சாம்பல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இப்ப சரியா இருக்கு. அங்க என் அறையும் வடக்குப் பக்கம்தான்.”