காஜாக்காவின் நெகட்டிவ் ரத்தம்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக இருந்தாலும், பொத்தான் துளை போடும் காஜா மெஷின் ஒன்றே ஒன்றுதான். அதில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான், பேசினால், தான் சிரிக்காமல் பிறரைச் சிரிக்க வைப்பான்.

முதல் பிரசவம் தெருமுனையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது. கொழுகொழுவென்று ஒரு பெண். காஜாக்காவின் ரத்தம் ஓ நெகட்டிவ் என்று அங்கே சொன்னார்கள்.

“நல்லதா, கெட்டதா?” என்று கேட்டாள்.

“கிடைக்கிறது கஷ்டம். பத்திரமா வெச்சுக்கோங்க” என்று நர்ஸ் சிரித்தாள்.

“நெகட்டிவா? அதான் நான் எது கேட்டாலும் முடியாதுங்கறா” என்றான் கணவன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய ஊசியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது பையன். பிறந்த அன்று மாலைக்குள் உடம்பு மஞ்சளாகிவிட்டது. இது எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், கொஞ்சம் வெயில் காட்டுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலோரம் துணி விரித்துக் கிடத்தி, வெயில் நகர நகர அவனையும் நகர்த்தினாள். பாலுக்கு வாய் திறக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. முதுகு வில்லாக வளைந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் மடியிலேயே அடங்கிவிட்டான்.

மூன்றாவது குழந்தைக்கு வயிற்றிலேயே அசைவு நின்றது. நீர் கோத்து வீங்கிய அந்த முகத்தைக் காட்டத் தயங்கினார்கள். “என் பொண்ணுதானே, காட்டுங்க” என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

“எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி ஆனதில்ல” என்றார் மாமியார். அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல் காஜாக்காவுக்குள் தைத்து நின்றது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் விளக்கிச் சொன்னார். “உங்க ரத்தம் நெகட்டிவ். குழந்தைங்களுக்கு அப்பா மாதிரி பாசிட்டிவ். முதல் பிரசவத்துல குழந்தையோட ரத்தம் கொஞ்சம் உங்க உடம்புல கலந்திருக்கு. உங்க உடம்பு அதை அந்நியம்னு நினைச்சு, எதிர்க்கிறதுக்கு ஒண்ணை உண்டாக்கி வெச்சிடுச்சு. அதுதான் அடுத்த ரெண்டு குழந்தைங்களோட ரத்தத்தையும் அழிச்சிருக்கு. அப்பவே ஒரு ஊசி போட்டிருந்தா இது உண்டாகாம தடுத்திருக்கலாம்.”

“இப்பப் போடுங்களேன்.”

“இனிமே போட்டுப் பிரயோஜனம் இல்லம்மா.”

வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். “அப்ப ரெண்டையும் நான்தான் கொன்னிருக்கேன்” என்றாள்.

கணவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். “ரெண்டு ரத்தமும் ஒத்துப்போகலன்னுதானே சொன்னாங்க. அப்ப அதுல என்னோடதும்தான் இருக்கு.”

அதன் பிறகு அவர்கள் குழந்தை வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். வெகுகாலம் அவனும் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

மூத்தவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், பெரிய ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பெயரைப் பார்த்து, ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். அந்த ஊசி மருந்தைக் காஜாக்கா போன்றவர்களின் ரத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றாள். பிரசவமானதும் அதைப் போட்டால், தாயின் உடம்பில் கலந்த குழந்தை ரத்தத்தை உடனே அழித்துவிடும், தாயின் உடம்பு தானாக எதிர்ப்பை உண்டாக்காது, அடுத்த குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று விளக்கினாள்.

“என் புள்ளைங்களைக் கொன்னதை எடுத்து மருந்தாக்கப் போறீங்களா?”

வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாக்கா.”

காஜாக்கா, “எடுத்துட்டா எனக்குள்ள இல்லாமப் போயிடுமா?” என்றாள்.

“இல்லக்கா, திரும்ப ஊறிடும்.”

அவள் அதை நம்பவில்லை. எடுக்க எடுக்கக் குறையும் என்று நினைத்துத்தான் ரத்த வங்கிக்குப் போனாள். கையிலிருந்து போன ரத்தம் மெஷினில் சுழன்று, சிவப்பு மட்டும் அவளுக்கே திரும்பி வந்தது. மஞ்சளாக ஒரு நீர் பையில் சேர்ந்தது. அந்த நிறத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. பிரசவ வார்டில் யாருக்காவது ஊசி போட்டதாக ரத்த வங்கி நர்ஸ் சொன்னால், அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். கேட்டதில்லை.

காஜாக்காவின் தலை நரைத்தது. மகளுக்குக் கல்யாணம் ஆனது. ஒருநாள் நர்ஸ் கையில் ஊசி குத்தாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்க ரத்தத்துல அது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. மருந்துக்குப் பத்தாது. மறுபடி தூண்டிவிட வழி இருக்கு, ஆனா இந்த வயசுல அது வேணாம். நீங்க செஞ்சது போதும்க்கா.”

காஜாக்கா தலையாட்டினாள். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே கணவன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான். “என்ன, இன்னிக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்க?”

“என் உடம்பு அதுங்களை மறந்துடுச்சாம்” என்றாள். சொல்லும்போதே உதடு கோணியது. இத்தனை வருஷமாக ஒழியட்டும் என்று நினைத்தது ஒழிந்துவிட்டது. அந்த இருவரும் வந்துபோனதற்கு அவள் உடம்பில் இருந்த அடையாளமும் அது ஒன்றுதான் என்பது இப்போதுதான் உறைத்தது.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். வருகிறவர்களும் போகிறவர்களும் பார்க்க, அவள் அவன் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் போதும் என்று சொல்லவில்லை.

மறுநாள் காஜாக்கா வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று கூடத்திலிருந்து போன் செய்தார்கள். கணவன்தான் எடுத்தான். “உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு வருவா” என்றான்.