பின்னாலை ஆக்கள் நிக்கினம்

1. செத்துப்போன ஸ்கிரிப்ட்

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இந்தக் கிழமை ஸ்கிரிப்ட் செத்துப்போச்சு.”

லண்டனில் இருந்து நேசன் இப்படிச் சொன்னது ஒரு புதன்கிழமை காலை. நான் பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், என் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். நேசன் ‘அரைமணிக் கூத்து’ நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். வெள்ளைக்காரரின் வானொலியில் வருடக்கணக்காக ஓடும் பகிடி நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கேட்டு, அதே அச்சில் லண்டன் தமிழ் வானொலி ஒன்றில் தொடங்கினார். அரை மணித்தியாலத்துக்குள் ஏழெட்டுச் சின்ன ஸ்கெட்ச். கடைசி நாலு நிமிடம் தம்பிராசாவும் பூமணியும் என்ற புருசன் பெண்சாதியின் சண்டை. அது என்னுடையது. பேர்லினில் பஸ் டிப்போவில் துப்புரவு வேலை செய்த காலத்தில் இருந்து, பென்சன் எடுத்த பிறகும், இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கிழமை தவறாமல் எழுதி அனுப்பினேன்.

புதிதாக எழுத வருகிற பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நேசன் இப்போது கேட்டிருக்கிறார். என்னுடைய தொழில் ரகசியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கற்பனை கிடையாது. பூமணி பேசியதெல்லாம் என் மனுசி சறோ பேசியது. திங்கட்கிழமை எங்கள் வீட்டில் நடக்கும் சண்டை சனிக்கிழமை வானொலியில் போகும். சறோ கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு, “என்ரை வாயை வைச்சு நீங்கள் பேர் எடுக்கிறியள்” என்று அடுத்த சண்டையைத் தொடங்குவாள். எனக்கு அடுத்த கிழமைக்கும் கவலை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு என்று சறோ ரொறொன்ரோ போனாள். ஆறு மாதம் என்று போனவள். பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். இனி வரமாட்டேன் என்று சறோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவோம். சாப்பிட்டியளோ, குளுசை போட்டியளோ, அங்கை குளிரோ. இரண்டு வருடத்தில் ஒரு சண்டை இல்லை. நான் அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டு, பழைய சண்டைகளைத் தூசு தட்டி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேசன் தொடர்ந்தார். “தம்பிராசா தேத்தண்ணி கேக்கிறார். பூமணி குடுக்கிறா. அவர் குடிக்கிறார். இதிலை பகிடி எங்கை அண்ணை?”

“அடுத்த கிழமை பாப்பம், தம்பி.”

“இன்னும் மூண்டு கிழமை பாக்கிறன். ஏலாட்டி அந்த இடத்தை வேறை ஆருக்கும் குடுக்கவேண்டி வரும்.”

போனை வைத்த பிறகு தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே நின்றேன். அந்த நாலு நிமிடம் போனால் இந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. பூமணி கடுதாசிப் பெண்தான். ஆனாலும் அவள்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

2. ஏச்சு வாங்கப் போனது

வீட்டில் சண்டை இல்லை என்றால் வெளியில் தேடவேண்டும் என்று முடிவெடுத்தேன். யூபான் ரயிலில் ஏறி, கொப்பியோடு இருந்தேன். ஜெர்மன்காரர் சட்டத்தைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். பூமணி கலியாண வீட்டில் நடந்ததை இன்றைக்கு இழுக்கிறவள். அவளுக்கு அது சரிவராது. கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே எல்லோரும் என்னைக் கண்டதும் “தனியத்தான் இருக்கிறியளோ?” என்று பாவப்பட்டார்கள். பாவப்படுகிறவர்கள் சண்டைக்கு உதவமாட்டார்கள்.

கடைசியில் போய் நின்றது யோகமக்காவின் மரக்கறிக் கடையில். மன்னார்ப் பக்கத்து ஆள். தனியாளாகக் கடை நடத்துகிறவர், நாக்கில் கத்தி வைத்திருப்பவர். நான் ஒரு முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்தேன்.

“அக்கா, இது முருங்கைக்காயோ, விறகோ?”

“காலமைதான் பிளேனிலை வந்தது. நீங்கள் ஏறி வந்த பிளேனை விடப் புதுசு.”

நான் அதை வளைத்துப் பார்த்தேன்.

“முறிக்காதேங்கோ அண்ணை. வாங்கிறதெண்டால் வாங்குங்கோ, இல்லாட்டி வைச்சிட்டுப் போங்கோ. பின்னாலை ஆக்கள் நிக்கினம்!”

என் வயிறு குளிர்ந்தது. உண்மையைச் சொன்னால், வசனம் கிடைத்த சந்தோசம் பாதிதான். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவர் என்னை வாய் நிறைய ஏசியிருக்கிறார். பஸ் தரிப்பில் நின்று கடைத்துண்டின் பின்பக்கம் எழுதினேன். அடுத்த நாளும் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். வெங்காயத்தில் குறை, கறிவேப்பிலையில் குறை. குளிர்ப்பெட்டி முழுக்க முருங்கைக்காய்.

ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ யோகமக்கா ஏசவில்லை. கடையில் வேறு ஒருவரும் இல்லை. குரலை இறக்கி, “அண்ணை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லி, கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அவர் முகத்தில் இருந்த களைப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் பகிடிக்காக ஒரு பெண்ணை ஒரு கிழமை கரைச்சல் படுத்தியிருக்கிறேன். அதன் பிறகு அந்தக் கடையில் நான் ஒரு குறையும் சொன்னதில்லை.

3. நாலு டேக்

ஆனால் வசனத்தை விடவில்லை. ஸ்கிரிப்ட் இப்படி: பூமணி புட்டு வைக்கிறாள். தம்பிராசா சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டித் தட்டிக் குறை சொல்கிறார். பூமணி சொல்கிறாள்: “சாப்பிடுறதெண்டால் சாப்பிடுங்கோ, இல்லாட்டி வைச்சிட்டுப் போங்கோ. பின்னாலை ஆக்கள் நிக்கினம்.”

வியாழக்கிழமை ரெக்கோர்டிங் முடிந்த கையோடு நேசன் போன் எடுத்தார். தம்பிராசாவாக நடிப்பவர் சிரிப்பை அடக்க முடியாமல் நாலு டேக் போனதாம். “அண்ணை, அந்த இடம் உங்கடைதான். ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கடையில் சொன்னால் அது வெறும் ஏச்சு. குசினியில் சொன்னால் பகிடி. ஓர் இடத்து வசனத்தை இன்னோர் இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. இதை நானாகக் கண்டுபிடித்த பெருமையில் இரண்டு நாள் மிதந்துகொண்டு திரிந்தேன்.

4. லாச்சி

சனிக்கிழமை பின்னேரம் நிகழ்ச்சி முடிந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது. சறோ. அவள் சனிக்கிழமையில் எடுப்பதில்லை. ரொறொன்ரோவில் அப்போது மத்தியானம்கூட ஆகியிருக்காது.

“ஆரவள்?” என்றாள்.

“ஆரைக் கேக்கிறீர்?”

“பூமணி.”

“அது லண்டனிலை நடிக்கிற பிள்ளை. உமக்குத் தெரியும்தானே.”

“நடிச்சவளைக் கேக்கேல்லை. அந்த வாய் ஆருடையது? எங்கட குசினியிலை எப்ப பின்னாலை ஆக்கள் நிண்டவை? ரெண்டே ரெண்டு பேர் இருந்த வீடு.”

பிடிபட்டுவிட்டேன். யோகமக்கா, முருங்கைக்காய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஏச்சு வாங்க ஊர்க் கடையெல்லாம் திரிஞ்சியள். எனக்கு ஒரு போன்கோல் எடுக்கத் தெரியேல்லையோ?”

“ஞாயிறு ஞாயிறு கதைக்கிறம்தானே.”

“அதுக்குப் பேர் கதையோ? நான் வந்து ரெண்டு வருசம். எப்ப வாறீர் எண்டு ஒருக்கால் கேட்டனீங்களோ?”

“பிள்ளைக்கு உதவி வேணும் எண்டுதான்...”

“ஐயாவுக்கு எல்லாற்றை தேவையும் தெரியுது. பெண்சாதியின்ரை மட்டும் தெரியேல்லை.”

சறோவுக்கு உண்மையாகக் கோபம் வந்தால் மட்டும் என்னை ‘ஐயா’ என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டு இரண்டு வருடம். எனக்குக் கண் கலங்கியது. அதே நேரம் என் கை தன்பாட்டில் பேனையை எடுத்து, மேசையில் கிடந்த கடித உறையில் ‘ஐயாவுக்கு’ என்று எழுதிவிட்டது. இருபது வருடப் பழக்கம்.

பேனை கீறுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

“எழுதுறியள், என்ன?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். “ஓம்” என்றேன்.

“பேனையை லாச்சிக்குள்ளை வையுங்கோ. வைச்சுப் பூட்டுற சத்தம் எனக்குக் கேக்கவேணும்.”

மேசை லாச்சியை இழுத்துப் பேனையைப் போட்டு, போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அடித்துப் பூட்டினேன். பிறகு ஒரு மணித்தியாலம் அவள் பேசினாள். நானும் பேசினேன், கத்தினேன், அழுதேன். எப்ப வாறீர் என்று கேட்டேன். அவள் அதற்கும் ஏசினாள்.

அடுத்த செவ்வாய் நேசனுக்கு ஸ்கிரிப்ட் போகவில்லை. “என்ன அண்ணை, சண்டை கிடைக்கேல்லையோ?” என்று கேட்டார்.

“நிறையக் கிடைக்குது, தம்பி. அது நிகழ்ச்சிக்கு இல்லை.”

அவர் சில கிழமை பழைய ஸ்கெட்சுகளைப் போட்டுச் சமாளித்தார். இப்போது அந்த நாலு நிமிடத்தை ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஒரு பிள்ளை எழுதுகிறாள். நன்றாகவே எழுதுகிறாள். சனிக்கிழமைகளில் கேட்கும்போது நெஞ்சு கொஞ்சம் நோகத்தான் செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: காதில் விழுந்ததை எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்காக மட்டும் ஒருவர் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் சறோவின் பக்கத்தில் இருந்த காலமெல்லாம் வசனத்தைத்தான் கேட்டேன்.

சறோ இன்னும் வரவில்லை. வீடு பகலில் பழையபடி சத்தமில்லாமல்தான் கிடக்கிறது. அவள் வருவதா, நான் போவதா என்று இப்போது ஒவ்வொரு நாளும் போனில் சண்டை. நேற்று அவள் சொன்ன ஒரு வசனத்துக்கு லண்டன் முழுக்க விழுந்து சிரிக்கும். சொல்லமாட்டேன்.