முதல் இருபது நிமிடத்தின் நல்லவர்

கௌபாய் படங்களின் தொடக்கக் காட்சிகளில் நான் பண்டிதன். முடிவுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளை நான். சாப்பிட்டுவிட்டுக் கைபேசியில் படத்தைப் போட்டால் இருபதாவது நிமிடம் குறட்டை. இப்படி எத்தனையோ படங்களைப் 'பார்த்திருக்கிறேன்'.

அந்த இருபது நிமிடமே போதும் என்று நம்பினேன். வெட்டவெளி. தொலைவில் ஒரு புள்ளி. புள்ளி குதிரையாகும், குதிரைமேல் ஆள் முளைப்பான். முகத்தை உடனே காட்டமாட்டார்கள். முதலில் சப்பாத்து, அப்புறம் தொப்பியின் விளிம்பு. ஊருக்குள் நுழைந்ததும் ஜன்னல்கள் சாத்தப்படும், சாராயக்கடையில் பியானோ வாசிப்பு நிற்கும். அடுத்து அவன் செய்வதுதான் முக்கியம். தண்ணீர் கேட்கும் கிழவனை எட்டி உதைத்தால் வில்லன். குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தான் குடித்தால் நல்லவன். அதற்குப் பிறகு எத்தனை பேரைச் சுட்டாலும் நாம் அவன் பக்கம்தான். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தேநீர் வேளையில் இதையெல்லாம் நடித்தே காட்டியிருக்கிறேன். என் தொப்பையைப் பார்த்து, குதிரைதான் பாவம் என்பார்கள்.

போன வருடம், தெமோதரைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு உதவி மேலாளராகப் புதிய சின்னத்துரை வந்தார். பனிக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள். களத்தின் நடுவில் சொறிநாய் ஒன்று படுத்திருந்தது. முந்தைய துரைமார் எல்லாரும் அதை உதைத்தவர்கள். இவர் வண்டியை நிறுத்தி இறங்கி, பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் போட்டார்.

"முடிஞ்சிச்சு," என்று முன்வரிசைக்குச் சொன்னேன். "இவரு நம்ம ஆளு. எழுதி வச்சுக்கங்க."

முன்வரிசையில் ஓர் அக்கா. இரண்டு வருடமாக வலது கை மரத்துப்போய், விரலில் கொழுந்து நிற்பதில்லை. பக்கத்து நிரைப் பெண்கள் ஆளுக்கொரு பிடி அவர் சாக்கில் போட்டுத்தான் நாள் எடை நிறைந்தது. எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பது என் உத்தியோகத்தில் பாதி. பெயர் வெட்டுப்பட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும். தனி ஆள், வேறு போக்கிடம் இல்லை.

"ஏங்கய்யா, நெசமாவே நல்லவரா?" என்று கேட்டார். "பிள்ளை மடுவத்துல கொழந்தைங்கள பாத்துக்க ஆள் வேணுமாம். கேட்டுப் பாக்கவா?"

"நாய்க்கே பிஸ்கட் குடுத்தவரு அக்கா. ஒங்களுக்கு டீயும் சேத்துக் குடுப்பாரு. ஒளிக்காம எல்லாத்தையும் சொல்லுங்க."

டீயும் கொடுத்தாராம். நாற்காலியும் போட்டாராம். குறுக்கே பேசாமல் கேட்டாராம். அக்கா உருகிப்போய், கை மரத்த கதையோடு மற்றவர்கள் கொழுந்து போட்ட கதையையும் சொல்லிவிட்டார். யார் யார் என்று துரை மெதுவாகக் கேட்டிருக்கிறார். அதை மட்டும் அக்கா சொல்லவில்லை.

அன்று பின்னேரம் துரை என்னைக் கூப்பிட்டார். "அந்த அம்மா பேர வெட்டுங்க. அது களவு எடை. மாசம் முடிய காம்பராவும் காலி பண்ணணும். ஒங்களுக்கு இது தெரியாதா?"

இடுப்பில் கை வைத்து, கண்ணை இடுக்கி எதிர்த்து நின்றேன் என்று எழுத ஆசைதான்.

"தெரியாதுங்க சேர்," என்றேன்.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். லயத்துத் திருப்பம் வரை போனேன். அடுப்புப் புகை வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

காலைப் பெரட்டில் துரை என் பக்கத்தில் நின்றார். அக்காவுக்கு முந்திய பெயரைக் கூப்பிட்டேன். பிந்திய பெயரைக் கூப்பிட்டேன்.

"என் பேர விட்டுட்டீங்களே ஐயா!"

"ஒங்க பேரு இல்ல அக்கா."

களமே சிரித்தது. அக்காதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார்.

"இவருக்கு வெள்ளனவே கூத்து ஆரம்பிச்சிருச்சு," என்றாள் பின்னால் ஒருத்தி.

"நெசமாத்தான் அக்கா. வெட்டியாச்சு."

மறுபடி சிரிப்பு. இந்த முறை துரையும் புன்னகைத்தார். நான் வேடிக்கையான ஆள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அக்கா மரத்த கையை மற்றக் கையால் தூக்கி எனக்கு ஒரு சலாம் வைத்தார்.

"சரி சரி, கூப்பிடுங்க ஐயா. நேரமாவுது."

மூன்றாம் தடவையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.