பயத்துக்கு எழுதிய மனு

அந்தக் குழந்தை குதிரையிலிருந்து விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் நான் வெகுதூரம் ஓடியிருந்தேன்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்திக் கூட்டிப்போவதுதான் அப்போது என் தொழில். சொந்தக் குதிரை, செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கம் தொழில் தொடங்கக் கொடுத்த கடனில் வாங்கியது. அன்றைக்கு ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஏறியிருந்தது. அதன் அப்பா பின்னால் நடந்து வந்தார். எதிரே ஒரு சுற்றுலா பஸ் வந்தது. உள்ளே இருந்த வாலிபர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு பஸ்ஸின் தகரத்தில் தாளம் தட்டினார்கள். நடந்தது அவ்வளவுதான்.

எனக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ உதைப்பது போல இருந்தது. கையில் கயிறு இருந்ததும் கயிற்றின் மறுமுனையில் ஒரு பிள்ளை இருந்ததும் அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். குதிரை மிரண்டு எகிறியது. குழந்தைக்குக் காறை எலும்பு முறிந்தது.

அதன் அப்பா ஓடி வந்து என் மறு கையிலிருந்த குதிரைப் பிரம்பைப் பிடுங்கி முகத்தில் அடித்தார். "குடிகார நாயே, பிள்ளையப் போட்டுட்டு ஓடுறியா?" என்றார். நான் குடிப்பதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது இரண்டாவது அடியில் முன்பல் உடைந்தது. பிறகு ஸ்டாண்டில் இருந்த மற்றக் குதிரைக்காரர்கள் வந்தார்கள். விலக்கிவிடத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். "ஸ்டாண்டு பேரையே கெடுத்துட்டான் சிலோன்காரன்" என்று சொல்லி விலாவில் மிதித்தார்கள். நான் எதிர்க்கவில்லை. அந்த அப்பாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அடித்திருப்பேன்.

தகரச் சத்தத்துக்கு ஏன் ஓடினேன் என்று சொல்ல வேண்டும். எழுபத்தேழில் நாங்கள் கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் ஒரு நாள் மத்தியானம் ஒரு கூட்டம் வந்தது. நாங்கள் குடியிருந்த லயத்தின், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளின், தகரக் கூரையைக் கம்பால் அடித்துக்கொண்டே, அறை அறையாகத் தீ வைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் அம்மாவும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கானில் இறங்கிப் படுத்துக்கொண்டோம். அண்ணன் மட்டும் மாட்டை அவிழ்த்துவிடப் போனான். செடி கவ்வாத்து வெட்டுகிற கத்தியாலேயே அவனை வெட்டினார்கள். அவன் "அம்மா" என்று கூப்பிட்டான். அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் மேல் ஏறிப் படுத்து வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கையைச் சதையோடு கடித்தாள். நான் விடவில்லை. அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசியது ஒரே ஒரு முறை. "ஏன்டா என் வாயப் பொத்துன?" என்று கேட்டாள். கப்பலேறி வந்து, மண்டபம் முகாமிலேயே இறந்துபோனாள்.

ஏரிக்கரையில் அடிபட்ட பிறகு ஸ்டாண்டில் என்னை ஒரு மாதம் சேர்க்கவில்லை. சேர்த்த பிறகும் என்னால் முடியவில்லை. ரோட்டில் ஒரு லாரியின் பின்கதவு ஆடினாலும் வேர்த்துக் கொட்டியது. பத்து நாள் போனால் இரண்டு நாள் உருப்படியாக வேலை செய்வேன். என் மனைவியும் சிலோனிலிருந்து வந்தவள்தான். அவள் பேத்துப்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போனாள். எங்கள் சாப்பாடு அவள் கூலியில் நடந்தது.

ஒரு நாள் நான் அந்தக் குதிரையை அடித்தேன். அது ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் வாளியைத் தட்டிவிட்டது, வாளி கல்லில் உருண்டது, அவ்வளவுதான். கட்டிப்போட்ட வாயில்லாப் பிராணியை விறகுக் கட்டையால் முதுகிலும் கழுத்திலும் ரத்தம் வரும்வரை அடித்தேன். வேலை முடிந்து வந்த மனைவி பார்த்துவிட்டாள். கட்டையைப் பிடுங்கி என் முழங்காலில் ஒரே அடி அடித்தாள். நான் விழுந்தேன்.

"அது கத்தாது, நான் கத்துவேன். அடுத்து என்னையத்தான் அடிப்பீங்க. அதுக்கு முன்னால டாக்டர்கிட்ட வாங்க" என்றாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஊரில் எல்லோரும் எனக்கு நரம்புத் தளர்ச்சி என்றார்கள், பேய் என்றார்கள். அவர் மட்டும் முழுதாகக் கேட்டார். அண்ணன் கூப்பிட்டதையும் கேட்டார். "இதுக்குப் பேரு ஆங்ஸைட்டி. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய். நீங்க கோழை இல்லை" என்றார். மாத்திரை கொடுத்தார். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது, மனுப் போட்டுப் பாருங்கள், நான் கடிதம் தருகிறேன் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "பயந்தவனுக்கு எந்த ஊர்லங்க சம்பளம் குடுக்குறாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் மனு எழுதும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிலோனில் நடந்தது, எதைக் கேட்டால் எனக்கு அது வருகிறது, வந்தால் என்ன ஆகிறது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன்.

விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வந்தார். ஆர்.ஐ. என்பார்கள். செண்பகனூரில் நாங்கள் இருந்த கொட்டகைக்கு வெளியே நின்றபடியே குதிரையைப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னுதுதான் சார்."

"குதிரை வச்சிருக்கே. சொந்தத் தொழில். உனக்கு எதுக்கு உதவித்தொகை?"

"தொழில் பண்ண முடியலைன்னுதான் சார் கேக்குறேன்."

"அப்ப குதிரைய வித்துட்டு வா."

"வித்துட்டா, முடியுற நாள்ல எத வச்சுப் பொழைக்கிறது?"

"முடியுற நாளுன்னு ஒண்ணு இருக்குல்ல? அப்புறம் என்ன ஊனம்?"

கை, காலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆபீசுக்கு நடையாக நடந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. வெள்ளனே போய் நின்றால் சாயங்காலம் "நாளைக்கு வா" என்பார்கள். நான்காவதோ ஐந்தாவதோ தடவை, கிளார்க் என் மனுவை எடுத்துச் சத்தமாகப் படித்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் வந்து கூடினார்கள். பின்னால் மனுக் கொடுக்க வந்த ஜனங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தகரச் சத்தம் கேட்டா வரும்னு எழுதியிருக்கே. எங்க, வரவழைச்சுக் காட்டு பாப்போம்" என்றார் கிளார்க்.

"வேணாம் சார்."

"டாக்டரம்மா எழுதிட்டா ஆச்சா? நாங்க பாக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு பியூனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பியூன் வயதானவர். என் முதுகுக்குப் பின்னால் பழைய ரெக்கார்டுகள் வைக்கிற தகரப் பெட்டி இருந்தது. அவர் உருளைக்கட்டை போன்ற ரூல்தடியால் அந்தப் பெட்டியின் மேல் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

எப்போதும் நான் ஓடுவேன். அன்றைக்கு ஓட வழி இல்லை. வாசல் முழுக்க ஆட்கள்.

எனக்கு அடுத்து நினைவு வந்தபோது அந்த பியூன் மல்லாந்து கிடந்தார். நான் அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கட்டைவிரல்கள் இரண்டும் அவர் தொண்டையில் புதைந்திருந்தன. அவருக்குக் கண் பிதுங்கி, வாயோரம் எச்சில் வழிந்தது. விடு விடு என்று எல்லோரும் கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது. விட வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. கை கேட்கவில்லை. யாரோ கதவுக்குப் போடும் இரும்புக் கம்பியை எடுத்து என் வலது கையில் அடித்தார். விரல்கள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்போதும் நான் விடவில்லை என்று பிறகு சொன்னார்கள். இரண்டாவது அடியில்தான் கை தானாகக் கழன்றது.

அதோடு விடவில்லை. ஜன்னல் கம்பியில் துண்டால் கட்டிவைத்து, அவர்கள் கை ஓயும்வரை அடித்தார்கள். அவர்களுக்கும் பயம்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அவிழ்த்துவிட்டால் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த ஆசை என்னை அடிகளைவிட அதிகமாக உலுக்கியது. அண்ணனை வெட்டியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அந்த நேரம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அந்த பியூன் வந்தார். கழுத்தைச் சுற்றி மப்ளர். குரல் கரகரத்தது.

"ஏலே, ரொம்ப வலிக்குதா?"

"உங்களுக்குங்கய்யா?"

"எச்சி முழுங்க முடியல."

மப்ளரை விலக்கிக் காட்டினார். என் கட்டைவிரல் பதிந்த இரண்டு இடமும் கருநீலமாகக் கன்றிக் கிடந்தன. நான் அழுதேன். அவர் என்னைத் தொடவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

"நானும் பெட்டிய அடிச்சிருக்கக் கூடாது. அவரு சொன்னாரு, அடிச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேஸு எதுவும் வேணாம்னு பெரிய ஆபீசரு சொல்லிட்டாரு. நீயும் கையப் பத்தி வெளிய பேசக் கூடாது. இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நாலு வெரலு இனி மடங்காதாம். டாக்டரு சொன்னாரு. அந்தக் கைய வச்சு புதுசா மனுப் போடு. குதிரையில இருந்து விழுந்துட்டேன்னு எழுது. குதிரைய வேற யாரு பேர்லயாவது மாத்திரு. வெரசா கெடைச்சிரும்."

"அப்ப என் பயத்துக்கு?"

"அதுக்கு ஃபாரத்துல எடம் இல்லப்பா."

அப்படியே செய்தேன். அதே கிளார்க் மனுவை வாங்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த நான் இடது பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தேன். ஆர்.ஐ. மறுபடி வந்தார், கையைக் காட்டச் சொன்னார், காட்டினேன், போய்விட்டார். மூன்று மாதத்தில் தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்தார். அதை வாங்கும்போது சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு முழுக்கச் சாப்பிட முடியவில்லை. இரண்டும் உண்மை.

குதிரையை மச்சான் பேருக்கு மாற்றினோம். கயிற்றைப் பிடித்தது என் மனைவி. ஏரிக்கரையில் அதுவரை பொம்பளை யாரும் குதிரை நடத்தியதில்லை. ஸ்டாண்டுக்காரர்கள் முதல் நாள் ஏசினார்கள், இரண்டாம் நாள் சேணத்து வாரை அறுத்துவிட்டார்கள், மூன்றாம் நாள் ஒருவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் கையில் கடிவாளம் இருந்தது. அந்த இரும்போடு சேர்த்து அவன் வாயில் வீசினாள். உதடு கிழிந்து அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "சோலியப் பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் குதிரையைத் தண்ணீருக்கு ஓட்டிப் போனாளாம். எனக்கு மற்றவர்கள் வந்து சொன்னார்கள். அவள் சொல்லவில்லை. நான் வீட்டில் சோறாக்கினேன். இடது கையால் புல் அறுக்கப் பழகினேன். குதிரை என்னை நெருங்கவிட ஒரு வருஷம் ஆயிற்று.

எண்பத்து மூன்றில் கொழும்பு எரிந்த செய்தி வந்தது. செண்பகனூர் டீக்கடை ரேடியோவில் மூன்று வேளையும் அதுதான். எனக்கு அந்த வாரம் முழுக்க ஓயாத நடுக்கம். மாத்திரை எடுபடவில்லை. ஆனாலும் கடைக்குப் போய் ஓரமாக நின்று கேட்டேன். கேட்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அங்கேதான் அந்த ஆர்.ஐ.யை மறுபடி பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், செய்தி முடிந்ததும் என் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ மனுவுல எழுதியிருந்தது இதானாப்பா?"

"ஆமா சார். அதுக்கு முந்தினது."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் சார்."

அவர் தன் டீயை எனக்கு நீட்டினார். வாங்கினேன். கை ஆடியதில் பாதி அவர் செருப்பில் சிந்தியது. அவர் காலை நகர்த்தவில்லை.

"அந்தப் பழைய மனுவ எடுத்து, சரியா எழுதி, மறுபடி மேல அனுப்பவா? நான் சிபாரிசு பண்றேன்" என்றார்.

அவர் மனதோடுதான் சொன்னார். அது முகத்தில் தெரிந்தது.

"வேணாம் சார்" என்றேன். "இப்ப வர்றதும் நின்னுபோயிரும்."