நல்லெண்ணெய்க் கிண்ணம்

ஒரு வருடத் தொண்டுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு வந்தவள் நிவேதிகா. கையும் வேகம், வாயும் நீளம். வந்த நாள் முதல் அங்குள்ளவர்களைத் தலை தேய்த்துக் குளிப்பாட்டுவது அவள்தான். கணவன் போன பிறகும் அவள் பொட்டை அழிக்கவில்லை. அதற்காக ஊரில் வாங்கிய பேச்சு கொஞ்சமா? ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு எரிந்த தீபாவளி வந்தது. விடியலில் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சுமங்கலி ஒவ்வொரு தலையிலும் நல்லெண்ணெய் வைத்த பிறகே குளியல். அந்த இல்லத்து வழக்கம் அது. ஏற்பாட்டுக்காரி நிரஞ்சனா, சிவப்புச் சேலையும் பொட்டுமாக நின்ற நிவேதிகாவைப் பார்த்தாள். காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கையிலேயே கொடுத்தாள். நிவேதிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரில் இப்படியொரு கிண்ணத்தை அவளிடம் யாரும் தந்ததில்லை.

"ஊர்ல உங்க வீட்டுக்காரர் இன்னைக்குத் தனியா இருப்பாரே, பாவம் லா," என்று சிரித்தாள் நிரஞ்சனா.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

"அவர் செத்திட்டார்."

நிரஞ்சனாவின் முகம் சுருங்கியது. "சாரிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல நாள் பாருங்க. நீங்க கிச்சன்ல முறுக்கு எடுத்து வைங்க, எண்ணெய் நான் வெச்சிடறேன்." கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினாள்.

நிவேதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தரமாட்டன்! நேற்று இவையின்ர தலையெல்லாம் தேய்ச்சது இந்தக் கைதானே? இண்டைக்கு மட்டும் கூடாதோ? செத்தது அவர், நானில்லை!"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த பாலகிருஷ்ணன், சக்கர நாற்காலியிலிருந்து, "எண்ணெய் ஆறுதும்மா, சீக்கிரம் வை," என்று தலையை நீட்டினார். வைத்தாள். பக்கத்திலிருந்த ரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர் இஷ்டம் என்று அடுத்த தலைக்குப் போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

கடைசியில் நிரஞ்சனாவின் முன்னால் போய் நின்றாள். "உங்களுக்கும் வைக்கட்டோ?"

"ஹேர் செட் பண்ணிருக்கேன்க்கா," என்று அவள் ஒதுங்கினாள்.

"சரி," என்ற நிவேதிகா, மிஞ்சிய எண்ணெயை அத்தனை பேரும் பார்க்கத் தன் உச்சந்தலையில் ஊற்றித் தேய்த்தாள். அது நெற்றியில் வழிந்து, ஒட்டுப்பொட்டு கழன்று விழுந்தது. முகத்தைத் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்து அதைவிடப் பெரியதாக ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டாள்.